இரண்டு மாதத்துக்குத் திருச்சி வருகிறவர்களுக்கு

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

ஆறு வாரமோ எட்டு வாரமோ, மிஞ்சினால் ஆறு மாதமோ எங்கள் ஊரில் தங்கப் போகிறீர்கள். திருவெறும்பூர் பெல் தொழிற்சாலையில் பயிற்சி, துவாக்குடி என்.ஐ.டி.யில் கோடைக்கால ஆய்வு, பொன்மலை ரயில்வே பணிமனை, நவல்பட்டு ஐ.டி. பூங்கா, தாயனூர் வாழை ஆராய்ச்சி மையம், புத்தூர் அரசு மருத்துவமனை, நாவலூர் குட்டப்பட்டு சட்டப் பல்கலைக்கழகம் என்று நீங்கள் வந்து சேரும் இடங்கள் பல. முதலில் அந்த நிறுவனத்திடமே விடுதியில் இடம் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். கோடை விடுமுறையில் சில வளாகங்களில் அறைகள் காலியாக இருக்கும். பணம் கட்டித் தங்க விடுவார்கள். அது கிடைத்துவிட்டால் இந்த மடலை இத்துடன் மடித்து வைத்துவிடலாம். கிடைக்காதவர்களுக்காகத்தான் மேலே எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்தில் குடியிருப்பவன். இப்படி வருகிற பிள்ளைகளுக்கு வீடு பார்த்துக் கொடுக்கும் பழக்கம் எப்படியோ தொற்றிக்கொண்டது. அவர்களில் பலர் கேட்கும் முதல் வார்த்தை, "ரெண்டு மாசந்தானே சார், ஏதாவது ஒண்ணு போதும்." இந்த எண்ணத்தைத்தான் முதலில் விட வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருஷம் குடியிருக்க வருகிறவர், வீடு சரியில்லை என்றால் மூன்றாம் மாதம் வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். உங்களுக்கு அந்த மூன்றாம் மாதமே கிடையாது. முதல் வாரம் தண்ணீர் வரவில்லை, இரண்டாம் வாரம் வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை, மூன்றாம் வாரம் வேறு இடம் தேடி அலைச்சல் என்று போனால் பயிற்சியில் பாதி அங்கேயே கரைந்துவிடும். குறைந்த நாள் தங்குகிறவர்தான் அதிகமாக விசாரிக்க வேண்டும்.

முதலில் தூரத்தைச் சொல்கிறேன். இதில் ஏமாறுகிறவர்களே அதிகம். திருச்சி சின்ன ஊர், எங்கிருந்தும் எங்கும் அரை மணியில் போய்விடலாம் என்று வெளியூரில் ஒரு நினைப்பு இருக்கிறது. மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள பழைய ஊருக்கு அது பொருந்தும். துவாக்குடி அங்கிருந்து கிழக்கே தஞ்சாவூர் சாலையில் வெகு தொலைவு. ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற தீவு. இங்கிருந்து துவாக்குடிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். மாம்பழச்சாலையில் பாலம் ஏறி, சிந்தாமணியில் இறங்கி, சத்திரம் பேருந்து நிலையத்தில் வண்டி மாறி, பால்பண்ணையின் நெரிசலைத் தாண்டி, திருவெறும்பூர் வழியாகப் போய்ச் சேர வேண்டும். காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. 2022 கடைசியில் பழுது பார்ப்பதற்காக அதில் வண்டிகளை நிறுத்தினார்கள். மறு வருஷம் மார்ச் வரை தீவுக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றித்தான் போய் வந்தோம். ஆற்றைக் கடந்து வேலைக்குப் போவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும்.

ஆகவே பெல்லுக்கும் என்.ஐ.டி.க்கும் வருகிறவர்கள் கோயிலும் காவிரியும் பக்கத்தில் இருக்கின்றன என்பதற்காக ஸ்ரீரங்கத்தில் வீடு பிடிக்காதீர்கள். என் ஊரைப் பற்றி நானே இப்படிச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. திருவெறும்பூர், காட்டூர், கைலாசபுரத்தை ஒட்டிய நகர்கள், துவாக்குடி இவற்றில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீரங்கம் வாருங்கள். பொன்மலைக்கு வருகிறவர்களுக்குப் பொன்மலைப்பட்டியும் செந்தண்ணீர்புரமும் அருகில். மருத்துவமனைகளுக்கு வருகிறவர்களுக்குத் தில்லை நகரும் புத்தூரும் உறையூரும் வசதி. இவற்றில் தில்லை நகரில் வாடகை கூடுதல். சட்டப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்கள் கருமண்டபம் பக்கம் தங்கினால் திண்டுக்கல் சாலையில் நேராகப் போய்விடலாம். தஞ்சாவூர் பாசஞ்சர் ரயில்கள் பொன்மலையிலும் திருவெறும்பூரிலும் நிற்கும். நேரம் ஒத்துவந்தால் ஜங்ஷன் பக்கம் தங்கி சீசன் டிக்கெட் எடுத்துக்கொள்வது மலிவான வழி. அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. ஆனால் திருச்சியில் தனியார் டவுன் பஸ்கள் ஏராளம். அவற்றில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். மாதச் செலவைக் கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. "மத்தியப் பேருந்து நிலையத்துக்கு அருகில்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் வெளியூர் பஸ்ஸில் இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025 மே மாதம் திறக்கப்பட்டு, ஜூலையில் இயங்கத் தொடங்கியது. வெளியூர் பஸ்கள் பலவும் அங்கே போய்விட்டன. பழைய விளம்பரத்தின் வாசகம் மட்டும் மாறாமல் நிற்கிறது.

அடுத்தது 'ஃபர்னிஷ்டு' என்ற சொல். இதற்கு ஆளுக்கொரு பொருள் வைத்திருக்கிறார்கள். இரண்டு கட்டில், ஒரு பீரோ, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டு அந்தப் பெயரில் வாடகையை உயர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். கரண்டி வரைக்கும் வாங்கி வைத்துக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். படத்தில் சோபா பளபளக்கும். படிக்கிற பிள்ளைக்குச் சோபா எதற்கு? ஒரு மேசை, முதுகு வலிக்காத நாற்காலி, அதன் பக்கத்தில் பிளக், தலைக்கு மேல் மின்விசிறி. இந்த நான்கும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பல வீடுகளில் பிளக் ஒரு சுவரிலும் மேசை எதிர்ச்சுவரிலும் இருக்கும். மெத்தையைத் தூக்கி அடியில் பாருங்கள், மூட்டைப்பூச்சி தெரிந்துவிடும். குழாயைத் திறந்துவிட்டு ஐந்து நிமிஷம் நில்லுங்கள். தண்ணீர் எந்நேரம் வரும், கார்ப்பரேஷன் தண்ணீரா போரா, குடிக்கக் கேன் வாங்க வேண்டுமா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். வீட்டுக்காரர் பதிலைவிட அவர்கள் பதில் பயன்படும்.

பகல் மூன்று மணிக்கு வீட்டைப் போய்ப் பாருங்கள். மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். மொட்டை மாடியை ஒட்டிய தளத்தில், மேற்குப் பார்த்த அறையில், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் நள்ளிரவு வரை உள்ளே வெப்பத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். காலை பத்து மணிக்குப் பார்த்துவிட்டு "நல்ல வெளிச்சம்" என்று அட்வான்ஸ் கொடுத்தவர்கள் அன்று இரவு மாடியில் பாய் விரித்துப் படுத்ததை நான் பார்த்திருக்கிறேன். முடிந்தவரை கீழ்த்தளமோ நடுத்தளமோ எடுங்கள். மழைக்காலத்தில் வருகிறவர்களுக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம். கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் கரைகளை ஒட்டிய தாழ்வான நகர்களில் நவம்பர், டிசம்பரில் தெருவில் தண்ணீர் ஏறும். அங்கே தரைத்தளம் வேண்டாம்.

ஏ.சி. இருக்கிறது என்றால் அடுத்த கேள்வி மின் கட்டணம். இதைச் சற்று விளக்கியாக வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் படிகளே மாறி, அதற்குக் கீழே மலிவாகக் கிடைத்த யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் ஏறிவிடும். ஒரே மீட்டரில் மூன்று போர்ஷன்கள் ஓடி, உங்களுக்கு ஒரு சப் மீட்டர் மட்டும் இருந்தால், நீங்கள் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் எல்லாருடைய பயன்பாட்டையும் சேர்த்து எகிறிய விலைதான் உங்களுக்கும் வரும். பெரும்பாலும் வீட்டுக்காரரே யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று ஒரு விலை வைத்திருப்பார். அந்த விலை என்ன, 100 யூனிட் சலுகை யாருக்குப் போகிறது என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். குடிபுகும் அன்று மீட்டரைப் படம் எடுத்து, அன்றைய தேதியோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் இரண்டு மாதமும் மின்வாரியத்தின் இரண்டு மாதமும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியாது என்பதால், கிளம்பும் நேரத்தில் வரும் தகராறுகளில் பாதி இதில்தான்.

சமைக்க நினைக்கிறவர்கள் கேஸ் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்க வேண்டும். இணைப்பு இல்லாத வீடு என்றால் முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ சிலிண்டர் ஏஜென்சிகளில் கிடைக்கும். மதியம் வேலை செய்யும் இடத்து கேன்டீனிலும் இரவு பக்கத்து மெஸ்ஸிலும் சாப்பிட்டுக்கொள்கிறவர்கள் சமையலறைக்காகக் கூடுதல் வாடகை கொடுக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் ஸ்ரீரங்கம். டவுனுக்குள் வேலை என்றால், சத்திரமோ தெப்பக்குளமோ போய் வந்தால் போதும் என்றால், இதைப்போல் ஓர் இடம் கிடைக்காது. விடியற்காலையில் காபி கிடைக்கும். கால்நடையாகவே எல்லாக் காரியமும் முடியும். இங்கே மூன்று வகை இருப்பிடங்கள் உண்டு. சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளைந்தான் போன்ற தெருக்களில் பழைய வீடுகளைத் தடுத்துப் பிரித்த போர்ஷன்கள் ஒன்று. நீளமான வீட்டில் ஒரு கூடமும் அறையும் உங்களுக்கு. குளியலறை கொல்லைப்புறத்தில், சில வீடுகளில் இன்னொரு குடித்தனத்தோடு பொதுவாக இருக்கும். இரண்டாவது வகை கோயிலை விட்டுச் சற்றுத் தள்ளியுள்ள நகர்களின் அடுக்குமாடி வீடுகள். இவற்றில் பல வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கிறவர்கள் வாங்கிப் போட்டவை. வருஷத்தில் சில நாள் வருவார்கள். மற்ற நாட்களில் உறவினரோ புரோக்கரோ வாடகைக்கு விடுவார். சாமான்களெல்லாம் உள்ளே இருக்கும் என்பதால் உங்களுக்கு ஏற்றது இதுதான். ஆனால் சாவி வைத்திருக்கிறவருக்கு வாடகைக்கு விடும் உரிமை இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தக்காரரோடு ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். மறுத்தால் வேறு வீடு பாருங்கள். மூன்றாவது வகை, கோயிலுக்கு வருகிறவர்களுக்காக நாள் வாடகைக்கு விடும் சர்வீஸ் அபார்ட்மென்டுகள்.

மூன்றாவது வகையை எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி உற்சவம் பகல் பத்து, இராப் பத்து என்று இருபது நாளுக்கு மேல் நடக்கும். சொர்க்கவாசல் திறக்கும் நாளில் ஊர் கொள்ளாத கூட்டம் வரும். நாள் வாடகை எங்கேயோ போகும். டிசம்பரில் மாத வாடகைக்கு வந்து தங்கிய மாணவரிடம், "ஏகாதசிக்குப் பழைய பார்ட்டி வராங்க, நாலு நாள் ஃப்ரெண்டு ரூமுக்குப் போயிடு தம்பி" என்று கூசாமல் சொன்னவர்கள் உண்டு. தேர்வும் ஆய்வறிக்கையும் இருக்கிற பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? உற்சவ நாட்களிலும் வீடு உங்களுடையதுதான், அந்த நாட்களுக்கு வாடகை ஏறாது என்று எழுதி வாங்காமல் டிசம்பர், ஜனவரியில் இங்கே பணம் கட்டாதீர்கள். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் இருக்கும். பைக் வைத்திருப்பவர்கள் எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

சைவச் சாப்பாடு மட்டும் என்ற நிபந்தனை இங்கே பல வீடுகளில் உண்டு. ஒப்புக்கொண்டு குடிவந்த பிறகு முட்டையை ஒளித்துச் சமைப்பதும், அது தெரிந்து சண்டை வருவதும் வேண்டாம். உங்களால் முடியாது என்றால் முதலிலேயே வேறு பகுதிக்குப் போய்விடுங்கள். திருச்சியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டைப் பற்றிய கேள்வி அத்தோடு முடிந்தால் எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. சில வாசல்களில் அது, "நீங்க என்ன ஆளுங்க?" என்று நீளும். பெயரைக் கேட்டதுமே வீடு காலியில்லை என்று ஆகிவிடும். இது ஸ்ரீரங்கத்தில் மட்டும் நடப்பதில்லை. தில்லை நகரிலும் கே.கே. நகரிலும் நடக்கிறது. அந்தக் கேள்வியை எதிர்கொள்ளப் போகிற பிள்ளைகளிடம் நான் சொல்ல விரும்புவது, குறை உங்களிடத்தில் இல்லை என்பதைத்தான். கேட்டவர்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் இது.

1950-ல் ராமேசுவரத்திலிருந்து ஒரு பையன் இந்த ஊருக்குப் படிக்க வந்தார். செயின்ட் ஜோசப் கல்லூரி விடுதியில் மூன்று பேர் சேர்ந்து தங்கும் அறை. ஒருவர் ஸ்ரீரங்கத்து ஐயங்கார் வீட்டுப் பிள்ளை, இன்னொருவர் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர், மூன்றாமவர் அப்துல் கலாம். மூவரும் அங்கே நன்றாக இருந்ததை அவர் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மூன்றாம் ஆண்டில் விடுதியின் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் கலாம் இருந்தார். திருச்சிக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர் அது. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இன்று அதே ஊருக்குப் படிக்க வரும் முஸ்லிம் பையனுக்கு அறை இல்லை என்று சொல்லும் என் ஊர் வீட்டுக்காரர்கள் இந்த மடலைப் படித்தால், ஒரு நிமிஷம் அந்த அறையை நினைத்துப் பார்க்கட்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. 'வேறுவிதமாக எழுதப்படாவிட்டால்' என்ற இடத்தை இன்னொருமுறை படியுங்கள். பத்து மாத அட்வான்ஸுக்கு ஒப்புக்கொண்டு நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டால் சட்டம் கைகொடுக்காது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். தகராறு என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது. ஆனால் லாட்ஜ், சத்திரம் போன்ற தங்குமிடங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. நாள் வாடகைக்கு விடும் இடத்தில் ரசீது மட்டும் வாங்கிக்கொண்டு தங்குகிறவர் குடித்தனக்காரர் என்ற பாதுகாப்பைக் கோருவது கடினம். எட்டு வாரத்துக்கு எதற்கு எழுத்து என்று வீட்டுக்காரர் சிரிப்பார். சிரித்தால் சிரிக்கட்டும். வாடகை, அட்வான்ஸ், மின் விலை, தங்கும் தேதிகள், முன்கூட்டிக் கிளம்பினால் என்ன கழியும், உள்ளே இருக்கும் சாமான்கள் என்னென்ன என்று ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உடைந்த கைப்பிடி, கீறல் விழுந்த மேசை எல்லாவற்றையும் முதல் நாளே படம் எடுங்கள். இலங்கையிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ வருகிறவர்கள் என்றால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்குத் தகவல் பதிய வேண்டும். அது தெரியாத வீட்டுக்காரரிடம் நீங்களே சொல்லிச் செய்ய வையுங்கள்.

பணத்தை வீட்டைப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். "நான் ராணுவத்தில் இருக்கேன், போஸ்டிங் மாறிடுச்சு, டோக்கன் போட்டா சாவி அனுப்புறேன்" என்று பேசுகிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். அனுப்பித் தொலைத்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். நேரில் வர முடியாதவர்கள் ஊரில் உள்ள ஒரு சீனியரையோ உறவினரையோ அனுப்பிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் முதல் மூன்று நாள் லாட்ஜில் தங்கிக்கொண்டு தேடுங்கள்; அந்தச் செலவு வீண் இல்லை.

தங்கைகளுக்குத் தனியாகச் சில வரிகள். பெண்கள் விடுதி எதுவானாலும், தமிழ்நாட்டில் 2014-ல் வந்த சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசின் தோழி விடுதி 2023 முதல் திருச்சியிலும் இயங்குகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்கானது அது. பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு இடம் தருவார்களா என்று உங்கள் பயிற்சிக் கடிதத்தைக் காட்டிக் கேளுங்கள். தனி வீடு எடுப்பதாக இருந்தால் இரவு எட்டு மணிக்கு பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரை ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவிளக்கும் திறந்திருக்கும் கடைகளும் எதுவரை என்று தெரிந்துவிடும். கதவின் உட்தாழ்ப்பாள், குளியலறை ஜன்னல், வீட்டின் இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு, பூட்டை மாற்றிக்கொள்ள அனுமதி கேளுங்கள். நேர்மையான வீட்டுக்காரர் மறுக்க மாட்டார்.

கிளம்பும் நாளில் மீட்டரை மறுபடி படம் எடுங்கள். சாமான் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரோடு அறையைச் சுற்றி வந்து, அட்வான்ஸ் மீதியை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி, சாவியைக் கொடுத்ததற்கு ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் துறையில் அடுத்த வருஷம் திருச்சி வரப்போகும் பிள்ளைகளுக்கு அந்த வீட்டைப் பற்றி எழுதிக் கொடுங்கள். தண்ணீர் எப்படி, வெயில் எப்படி, என்ன கேட்டார்கள், அட்வான்ஸ் முழுதாக வந்ததா என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

அன்புடன்,
ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு குடித்தனக்காரர்